வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ்: நசுக்கி, சாயமேற்றி, எண்ணிப் பார்த்த பதிவு

ஒரு செல் தன் குரோமோசோம்களைச் சமமாகப் பங்கிட்டு இரண்டாகப் பிரிவதுதான் மைட்டாசிஸ். உயிரியல் படித்த யாருக்கும் அதன் நான்கு படங்கள் மறக்காது. புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று வரிசையாக நான்கு வட்டங்கள், உள்ளே சிவப்பும் நீலமுமாகக் குச்சிகள். வேர்நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எதுவும் அப்படி வரிசையில் நிற்பதில்லை. தெரிவதெல்லாம் ஆயிரக்கணக்கான செத்த செல்கள். அமிலம் பட்ட நொடியில் எது எந்த வேலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிட்டது. எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்கிறவர்தான் கோத்தெடுக்க வேண்டும். எந்த நிலையில் எத்தனை செல் கிடைக்கிறது என்று எண்ணினால், அந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். ஓடாத ஒரு ஸ்லைடிலிருந்து நேரத்தைக் கறக்கலாம் என்பதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

வெங்காயத்தை எடுத்ததற்குக் காரணம் அது சுலபமாகக் கிடைக்கும் என்பது மட்டுமல்ல. அதன் குரோமோசோம்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஒரு உடல் செல்லில் 16 தான், அதாவது 8 ஜோடி. மனித ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ, ஒரு தொகுதிக்குச் சுமார் 300 கோடி கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்), அவை 23 குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கின்றன. வெங்காயத்தில் சுமார் 1600 கோடி இணைகள், அவ்வளவும் 8 குரோமோசோம்களில். ஆக சராசரி வெங்காயக் குரோமோசோம் ஒன்று சராசரி மனிதக் குரோமோசோமைவிடப் பத்து மடங்குக்கும் மேல் டிஎன்ஏ சுமக்கிறது. சாதாரண 40 எக்ஸ் லென்ஸிலேயே குரோமோசோமின் இரு கைகளும் தனித்தனியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பூண்டுக்கும் 16 தான், அதுவும் நன்றாக வரும்.

வேர் வளர்ப்பதும் நிறுத்துவதும்

அடிப்பகுதியில் காய்ந்து கிடக்கும் பழைய வேர்க்கொத்தைப் பிளேடால் மேலாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சதைவரை ஆழமாகப் போனால் புது வேர் கிளம்பும் வளையமே போய்விடும். பிறகு அகன்ற வாய் பாட்டிலில் உட்கார வைத்து, அடிவட்டம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி விடலாம். முழுக அமிழ்த்தினால் அழுகும். தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் வேர் பழுப்பேறிவிடும். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கும். சில வெங்காயம் எத்தனை நாள் வைத்தாலும் மொட்டையாகவே இருக்கும். சேமிப்பில் முளைக்காமலிருக்க மலேயிக் ஹைட்ரசைடு தெளித்ததாக இருக்கலாம். அது செல் பிரிதலையே தடுக்கிற வேதிப்பொருள், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிரி. அதனோடு மல்லுக்கட்டாமல் வேறு வெங்காயத்துக்குப் போய்விடுவது நல்லது.

வேர் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கத்தரித்து, செல்களை இருந்தபடியே நிறுத்திவைக்கும் கார்னாய் கலவையில் நேராகப் போட வேண்டும். மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். ஆல்கஹால் செல்லைச் சுருக்கும், அசிட்டிக் அமிலம் உப்ப வைக்கும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டுகிறது. இதை அவ்வப்போது புதிதாகக் கலப்பதே சரி. நாள்பட வைத்தால் இரண்டும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும், கலவையின் பலம் போய்விடும். ஓர் இரவு ஊறியதும் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், சௌகரியப்பட்ட நாளில் எடுத்து வேலை பார்க்கலாம். நான் வெவ்வேறு நேரங்களில் வெட்டிய வேர்களைத் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டேன். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும், பென்சில் எழுத்து அப்படியே இருக்கும்.

அடுத்தது அமிலம். தாவர செல்களைப் பெக்டின் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கிறது. அது இளகாதவரை எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் பிரிந்து ஒற்றை அடுக்காக விரியாது. 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 60 டிகிரி செல்சியஸ் நீர்க்குளியல், ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை. கடிகாரத்தைவிட ஊசியை நம்புவது மேல். நுனியை ஊசியால் லேசாகத் தொட்டால் குழிய வேண்டும், ஆனால் கலையக்கூடாது. கூடுதலாக விட்டால் வேர் குழகுழவென்று ஆகி எடுக்கவே வராது, சாயமும் வெளுத்துப் பிடிக்கும். சூடான அமிலத்தின் ஆவி கண்ணையும் மூக்கையும் பதம் பார்க்கும் என்பதால் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, வாட்ச் கிளாஸில் அசிட்டோகார்மைன். கார்மைன் என்பது கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு. அதை 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் காய்ச்சி வடிகட்டினால் சாயம் தயார். இதில் துளி இரும்பு சேர்ந்தால் நிறம் பளிச்சென்று கறுக்கும். 1920களில் ஜான் பெல்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உத்தி இது. அதற்கென்று தனி ரசாயனம் தேட வேண்டியதில்லை, துருப்பிடித்த ஊசியால் சாயத்தைச் சற்றுக் கிளறினாலே போதும். துரு அதிகமானால் செல்லின் மற்ற பகுதியும் சேர்ந்து கறுத்துவிடும், அதனால் நிறம் திரும்பியதும் ஊசியை எடுத்துவிட வேண்டும்.

அரைமணி நேரத்தில் வேரைப் பார்த்தாலே விஷயம் புரியும். நுனியில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் அடர் சிவப்பாக இருக்கும், மேலே போகப் போக வெளிறிவிடும். செல்கள் சிறியதாய் நெருக்கியடித்து இருக்கும் இடத்தில் உட்கருக்களும் நெருக்கமாக இருப்பதால் வந்த நிறம் அது. பிரியும் செல்கள் இருக்கிற ஆக்குத்திசு அங்கேதான். அந்தச் சிவப்புத் துண்டை மட்டும் ஸ்லைடில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும். ஒருமுறை வேண்டுமென்றே மேலேயிருந்தும் ஒரு துண்டை, நுனியிலிருந்து நன்றாகத் தள்ளி வெட்டி, நசுக்கிப் பார்த்தேன். நீள நீளமான செல்கள், ஒவ்வொன்றிலும் அமைதியான ஓர் உட்கரு, பிரிவு என்று ஒன்றுகூட இல்லை. வேர் நீளுவது அங்கே, செல் பெருகுவது நுனியில் என்பது இரண்டு ஸ்லைடுகளைப் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துபோகிறது.

நசுக்குதல்

முழு வேலையின் தலைவிதி இங்கேதான் இருக்கிறது. ஒரு சொட்டு 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் துண்டை வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கி, பென்சிலின் ரப்பர் முனையால் மேலே மெதுவாகத் தட்ட வேண்டும். சிவப்புத் துண்டு மேகம்போல விரிந்து வெளிறும். பிறகு மடித்த ஃபில்டர் பேப்பரை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேர்க்குத்தாக ஒரே அழுத்து. பக்கவாட்டில் இம்மியளவு நகர்ந்தாலும் செல்கள் உருண்டு திரண்டு, குரோமோசோம்களெல்லாம் கோடுகோடாக இழுபட்டுப் போகும். அந்த ஸ்லைடில் அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்புச் சாயத்துக்கு பச்சை ஃபில்டர் ஒன்று விளக்கின்மேல் வைத்தால் குரோமோசோம்கள் கறுப்பாகத் துலங்கும். செல்போன் கேமராவை ஐபீஸில் வைத்துப் படமெடுக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. கண்டென்சரை நன்றாக மேலே ஏற்றி வைக்கவும்.

பார்க்கத் தொடங்கியபோது

முதலில் 10 எக்ஸ். பெரும்பாலான செல்களில் உருண்டையான உட்கரு, உள்ளே வெளிறிய வட்டமாக நியூக்ளியோலஸ். இது இன்டர்ஃபேஸ், இரண்டு பிரிவுகளுக்கு இடைப்பட்ட நிலை. இதை ஒருகாலத்தில் ஓய்வு நிலை என்றே சொல்லிவந்தார்கள், வெளியே ஒன்றும் நடக்காததுபோல் தெரிவதால். ஹோவர்ட், பெல்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1950களின் தொடக்கத்தில் ஃபாவா பீன்ஸ் வேர்நுனிக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து, ஃபிலிமில் பதியவைத்துப் பார்த்தபோதுதான் கதை மாறியது. டிஎன்ஏ இரட்டிப்பாவது இன்டர்ஃபேஸின் நடுவே ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும், அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தது. ஜி1 (முன் இடைவெளி), எஸ் (இரட்டிப்பு), ஜி2 (பின் இடைவெளி) என்று இன்று பாடத்தில் வருவது அந்த வேர்நுனியிலிருந்து வந்ததுதான். என் ஸ்லைடில் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. அசிட்டோகார்மைன் காட்டுவது உருவத்தைத்தான்.

40 எக்ஸுக்கு மாறியதும் புரோஃபேஸ்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். உட்கரு கொஞ்சம் பெருத்திருக்கும், உள்ளே சிக்கெடுக்காத நூல்கண்டு மாதிரி இழைகள். ஒவ்வொரு இழையும் ஏற்கெனவே இரட்டை, அதாவது இரண்டு சகோதரி குரோமாட்டிட்கள், ஆனால் இந்தக் கட்டத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நியூக்ளியோலஸ் மங்கிக்கொண்டே போய்க் காணாமல் போகும். ஒரே ஸ்லைடில் மெல்லிய இழை, தடித்த இழை, குட்டையான தடி என்று எல்லா அளவும் கிடைக்கும். எங்கே கோடு கிழித்து, இதுவரை இன்டர்ஃபேஸ், இதற்குப் பின் புரோஃபேஸ் என்று சொல்வது? இயற்கையில் அப்படிக் கோடு கிடையாது. சாலமாண்டர் லார்வாக்களின் செல்களில் இந்த நிகழ்வை விரிவாகப் பின்தொடர்ந்து 1882இல் வால்டர் ஃபிளெமிங் எழுதியபோது இந்த நாலு பெயர்களும் கிடையாது. முதல் மூன்றையும் 1884இல் ஸ்ட்ராஸ்பர்கர் கொண்டுவந்தார். டீலோஃபேஸ் அதற்குப் பத்து வருடம் கழித்து ஹைடன்ஹைன் சேர்த்தது. எண்ணுகிறவர் தனக்கென்று ஒரு விதியை வைத்துக்கொண்டு அதிலேயே நிற்பதுதான் ஒரே வழி. என் விதி இது: இழைகளைத் தனித்தனியாகக் கண்ணால் தொடர முடிந்தால் புரோஃபேஸ், புள்ளிபுள்ளியாக மட்டும் தெரிந்தால் இன்டர்ஃபேஸ்.

மெட்டாஃபேஸில்தான் அதிக நேரம் செலவழித்தேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் செல்லின் நடுவில் குறுக்காக ஒரு தடித்த பட்டை, அதிலிருந்து குரோமோசோம் கைகள் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். பாடப்புத்தகத்தில் இருப்பது இந்தக் கோணம்தான். ஆனால் அழுத்தும்போது சில செல்கள் புரண்டு, துருவத்தின், அதாவது செல்லின் ஒரு முனையின், பக்கமிருந்து பார்க்கிற மாதிரி கிடக்கும். அப்போது பட்டை தெரியாது. குரோமோசோம்கள் வட்டமாக, கைகளை வெளிப்பக்கம் நீட்டிப் பரவியிருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் இதைக் குழம்பிப்போன புரோஃபேஸ் என்று ஒதுக்கிவிடுவது சகஜம். உண்மையில் 16ஐ எண்ணிப் பார்க்கக் கிடைக்கிற நல்ல வாய்ப்பு இதுதான். குரோமோசோம்களைத் துருவங்களுக்கு இழுக்கிற கதிர்கோல் இழைகள் அசிட்டோகார்மைனில் சாயமேறாததால் தெரியாது. நடுவிலிருந்து துருவம்வரை கிடக்கிற வெறும் இடம்தான் அவை இருக்கிற இடம். விலங்கு செல்லின் படத்தில் துருவத்தில் வரைகிற சென்ட்ரியோலை இங்கே தேட வேண்டாம், வெங்காயத்துக்கு அது கிடையாது. அது இல்லாமலே கதிர்கோல் உருவாகிறது.

மெட்டாஃபேஸ் வெறும் அணிவகுப்பு இல்லை, ஒரு சோதனைச்சாவடி. ஒவ்வொரு குரோமோசோமிலும் இரு கைகளும் சந்திக்கும் இடமான சென்ட்ரோமியரில் இருக்கிற கைனட்டோகோர்கள் என்ற பிடிப்புகள் இரண்டு துருவங்களிலிருந்தும் இழைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றே ஒன்று பிடிக்காமல் விட்டாலும் செல் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பைக் கட்டுப்படுத்தும் மேட், பப் மரபணுக்கள் 1991இல் ஈஸ்ட்டில் கண்டுபிடிக்கப்பட்டன. எல்லாம் சரியென்றானதும் செப்பரேஸ் என்ற நொதி விடுவிக்கப்பட்டு, சகோதரி குரோமாட்டிட்களைக் கட்டிவைத்திருக்கும் கொஹீசின் வளையத்தை வெட்டுகிறது. கட்டு அறுந்ததும் எல்லா ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரிகின்றன.

அதனால்தான் அனாஃபேஸ் சுருக்கமானது, ஸ்லைடில் அரிது. அரிதாக இருந்தாலும் கண்டுகொள்வதில் சிரமமே கிடையாது. இரண்டு கூட்டங்கள் எதிரெதிர்த் திசையில் விலகிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு குரோமோசோமும் ‘வி’ வடிவில். ‘வி’யின் முனை துருவத்தைப் பார்த்து, கைகள் பின்னால் இழுபட்டு வரும். இழுக்கப்படுவது சென்ட்ரோமியர், கைகள் வெறுமனே கூட வருகின்றன என்பதற்கு இந்த உருவமே சாட்சி. வெங்காயத்தில் பெரும்பாலானவற்றுக்கு சென்ட்ரோமியர் நடுவிலோ நடுவுக்குப் பக்கத்திலோ இருப்பதால் இரு கைகளும் கிட்டத்தட்டச் சம நீளம், ‘வி’ அழகாக விழுகிறது. நான் பார்த்த ஒரு செல்லில் இரண்டு கூட்டமும் நன்றாக விலகிய பிறகும் நீண்ட ஒரு ஜோடிக் கைகளின் நுனி மட்டும் நடுவில் ஒன்றையொன்று விடாமல் உரசிக்கொண்டிருந்தது. ஃபோகஸை மேலும் கீழும் மெல்லத் திருப்பினால் அவை ஒட்டியிருக்கின்றனவா, ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றனவா என்று தெரியும். அது மேலே கிடந்ததுதான், இரு கூட்டத்தையும் ஒட்டிப் பிடிக்கிற பாலம் இல்லை.

டீலோஃபேஸில் இரு முனையிலும் இரு கறுத்த குவியல், நடுவே ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடுதான் செல் தட்டு. விலங்கு செல் வெளியிலிருந்து உள்ளே இடுங்கிப் பிரியும். தாவர செல்லுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கித் தட்டு வளர்கிறது. கோடு இரு ஓரத்தையும் தொடாமல் நடுவில் மட்டும் நிற்கிற ஒரு செல்லைத் தேடிப் பிடித்தால், இது கண்முன்னால் நிரூபணமாகிவிடும்.

சிக்கல் வருவது பிந்திய டீலோஃபேஸில். குவியல் இளகத் தொடங்கியதும் அது முந்திய புரோஃபேஸைப் போலவே தெரியும். இரண்டையும் பிரிக்க உதவும் அடையாளம், டீலோஃபேஸ் எப்போதும் ஜோடியாக இருக்கும். பக்கத்து செல்லில் அதே அளவு, அதே நிறத்தில் இன்னொன்று, இடையே புதுச் சுவர் மெலிதாக. உட்கருவும் சிறியது. புரோஃபேஸ் உட்கரு தனியாக, பெரிதாக இருக்கும்.

எண்ணி நேரமாக்குதல்

எண்ணும்போது கண் தானாகவே அழகான செல்லைத் தேடிப் போகும். அதை அடக்க, ஸ்டேஜை ஒரு மூலையிலிருந்து தொடங்கிப் பாம்புபோல் வளைந்து வளைந்து நகர்த்தி, எதிர்ப்படும் ஒவ்வொரு செல்லையும் குறித்துக்கொண்டே போனேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவற்றை விட்டுவிட்டேன். பிரிந்துகொண்டிருக்கும் செல்களை மொத்த செல்களால் வகுத்தால் வருவது மைட்டாடிக் இன்டெக்ஸ். எடுத்துக்காட்டாக 500 செல்லில் 40 பிரிந்துகொண்டிருந்தால் அது 8 சதவீதம்.

நேரத்துக்குப் போவதும் இதே கணக்குதான். ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுவரையான செல் சுழற்சியின் மொத்த நேரத்தை அந்தந்த நிலையின் பங்கால் பெருக்க வேண்டும். பள்ளிப் பயிற்சிகளில் சுழற்சியை 24 மணி, அதாவது 1440 நிமிடம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். உண்மையான நீளம் வெப்பநிலையைப் பொறுத்து நிறைய மாறும் என்பதால், கிடைக்கிற நிமிடங்களைவிட நிலைகளுக்கிடையிலான விகிதத்தை நம்பலாம். 500இல் 5 செல் அனாஃபேஸில் இருந்தால் 1440இல் நூற்றில் ஒரு பங்கு, 14 நிமிடம் சொச்சம். 25 செல் புரோஃபேஸில் இருந்தால் 72 நிமிடம். என் ஸ்லைடுகளிலும் புரோஃபேஸ் மற்ற மூன்றையும்விட அதிகம், அனாஃபேஸ் எல்லாவற்றிலும் குறைவு.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. செல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அவரவர் நேரத்தில் பிரிய வேண்டும், சுழற்சியின் எல்லாக் கட்டத்திலும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். பெருகிக்கொண்டே போகிற கூட்டத்தில் இது முழுக்க உண்மை இல்லை. ஒரு தாய் செல் பிரிந்து இரண்டு இளம் செல்கள் வருவதால், பிரியப்போகும் செல்களைவிடப் புதிதாகப் பிறந்தவை எப்போதும் அதிகம். திருத்திக் கணக்கிடச் சூத்திரங்கள் உண்டு. வேறுவேறு நேரக் குப்பிகளின் எண்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதைப் பார்த்தபின், நான் அந்தத் திருத்தத்துக்குப் போகவில்லை. ஸ்லைடுக்கு ஸ்லைடு வருகிற வேறுபாடு அதைவிடப் பெரிது.

16ஐ நிச்சயமாக எண்ண வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி. செங்காந்தள் கிழங்கிலும் இருக்கிற கொல்ச்சிசின் என்ற நஞ்சு கதிர்கோலைக் குலைத்து செல்களை மெட்டாஃபேஸிலேயே நிறுத்தும், ஆய்வகங்களில் அதைத்தான் பயன்படுத்துவார்கள். சிறிய அளவே உயிரைப் பறிக்கும் என்பதால் வீட்டில் அதன் பக்கமே போகக்கூடாது. அதே வேலையை ஐஸ் தண்ணீர் ஆபத்தில்லாமல் செய்கிறது. கதிர்கோலின் நுண்குழாய்கள் குளிரில் கலைந்துவிடும். வெட்டிய வேர்நுனிகளை உருகும் ஐஸ் மிதக்கிற தண்ணீரில் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு கார்னாயில் போட்டேன். இந்த ஸ்லைடில் மெட்டாஃபேஸ்கள் வழக்கத்தைவிட நிறைய, குரோமோசோம்கள் குட்டையாகத் தடித்து, நடுப்பட்டையாக நிற்காமல் செல் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இழுக்க ஆளில்லாததால் அனாஃபேஸ் மருந்துக்கும் இல்லை. சிதறிக் கிடந்ததால் எண்ணுவது சுலபம். ஒரு படத்தை அச்செடுத்து ஒவ்வொன்றையும் கத்தரித்து, நீளத்தையும் சென்ட்ரோமியர் இருக்கும் இடத்தையும் பார்த்து ஜோடி சேர்த்தால் எட்டு ஜோடி வருகிறது. ஏழு ஜோடிகள் சட்டென்று அமைந்தன. கடைசி ஜோடியில் ஒன்றின் நுனியருகே ஒரு சின்ன இடுக்கு தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை. நியூக்ளியோலஸ் உருவாகும் இடம் அப்படி ஒரு இடுக்காகத்தான் தெரியும் என்பதால், அடுத்த ஐஸ் வேர்களை 100 எக்ஸ் எண்ணெய் லென்ஸில் பார்க்கலாமென்று 70 சதவீத ஆல்கஹாலில் எடுத்து வைத்திருக்கிறேன்.